கார்த் ஹட்சன் காத்த நாடாக்கள்: பாப் டிலனின் நிலவறைப் பாடல்கள்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனும் அவருடைய துணைக் கலைஞர்களும் 1967ஆம் ஆண்டு ஒரு வாடகை வீட்டின் நிலவறையில் பாடிப் பதிந்த பாடல்கள், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2014 நவம்பரில் ஆறு குறுந்தகடுகள் கொண்ட ஒரு பெட்டியாக வெளிவந்தன. ‘தி பேஸ்மென்ட் டேப்ஸ் கம்ப்ளீட்’ என்பது அதன் பெயர். டிலனின் வெளிவராத ஒலிப்பதிவுகளைத் தொகுத்துவரும் ‘பூட்லெக் சீரிஸ்’ வரிசையில் இது பதினோராவது தொகுப்பு. அதில் 138 பதிவுகள் அடங்கியுள்ளன. எங்கள் ஊரான கோத்தகிரி, தொட்டபெட்டா மலையின் மறைவில் இருப்பதால் எங்களுக்குப் பெருமழை ஆடியில் வருவதில்லை, ஐப்பசியில்தான் வரும். அந்த மழை மாலைகளில் நண்பர்கள் சிலர் கூடி, முதல் தகட்டிலிருந்து கடைசித் தகடு வரை வரிசை மாற்றாமல் கேட்டோம். இத்தொகுப்பைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் டிலனையே புகழ்கிறார்கள். முழுவதையும் கேட்டு முடித்த பிறகு, பாடியவருக்குச் சமமான இடத்தை, ஆர்கன் வாசித்துக்கொண்டே பதிவுக் கருவியையும் கவனித்துக்கொண்ட கார்த் ஹட்சனுக்குத் தர வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். இந்த மதிப்புரை அந்த முடிவிலிருந்தே எழுதப்படுகிறது.

முதலில் இப்பாடல்கள் பிறந்த சூழலைச் சொல்ல வேண்டும். டிலன் 1966ஆம் ஆண்டின் முதற்பாதியைச் சுற்றுப்பயணத்தில் கழித்தார். ஒற்றைக் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக நாட்டார் பாடல் மேடைகளில் பெயர் பெற்றவர் மின்கிட்டாரைக் கையில் எடுத்ததைப் பழைய ரசிகர்களில் பலர் பொறுத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராகக் கூச்சலிட்டார்கள். மே 17 அன்று மான்செஸ்டரில், பார்வையாளர் ஒருவர் அவரைப் பார்த்து ‘யூதாஸ்’ என்றே கத்தினார். அந்தக் கூச்சலை இரவுதோறும் அவரோடு சேர்ந்து தாங்கியவர்கள் ‘ஹாக்ஸ்’ என்ற குழுவினர். கிட்டார் வாசித்த ராபி ராபர்ட்சன், பேஸ் கிட்டார் வாசித்த ரிக் டேங்கோ, பியானோ வாசித்த ரிச்சர்ட் மானுவல், ஆர்கன் வாசித்த கார்த் ஹட்சன் ஆகிய நால்வரும் கனடாக்காரர்கள். டிரம்ஸ் வாசித்த லீவான் ஹெல்ம் மட்டும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தவர். அவர் கூச்சலில் மனம் வெறுத்து 1965ஆம் ஆண்டின் இறுதியிலேயே விலகிப் போய்விட்டார். பயணம் முடித்துத் திரும்பிய டிலன், 1966 ஜூலை 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் அருகே மோட்டார் சைக்கிள் விபத்துக்கு உள்ளானார். அடுத்து ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சிகள் எல்லாம் கைவிடப்பட்டன. 25 வயதில், ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு வீட்டில் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

உட்ஸ்டாக், நியூயார்க் நகரிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதியில் இருக்கும் சிற்றூர். 1969இல் அந்தப் பெயரில் நடந்த புகழ்பெற்ற இசைவிழா உண்மையில் பெத்தெல் என்ற வேறோர் ஊரில்தான் நடந்தது. டிலன் அங்கே மனைவி, குழந்தைகளோடு வாழ்ந்த வீட்டில் ‘சிவப்பு அறை’ என்று அழைக்கப்பட்ட அறையொன்று இருந்தது. 1967ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் குழுவினர் முதலில் அங்கேதான் கூடிப் பாடத் தொடங்கினார்கள். பிறகு, வெஸ்ட் சாகர்ட்டீஸில் டேங்கோவும் மானுவலும் ஹட்சனும் மாதம் 125 டாலர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் நிலவறைக்குக் கூட்டம் இடம் மாறியது. வெளிச்சுவர் இளஞ்சிவப்பாக இருந்ததால் அந்த வீட்டுக்கு ‘பிக் பிங்க்’ என்ற பெயர் அமைந்தது. கோடைகாலம் முழுவதும் டிலன் அங்கே வந்து போனார். மாடியில் ஒரு தட்டச்சுப் பொறி, கீழே வாத்தியங்கள், தரையில் ஒரு நாய். ஒலிப்பதிவுக் கூடத்தின் மணிக் கணக்கும் கட்டணமும் அங்கே இல்லை. தயாரிப்பாளர் என்று கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஆளும் இல்லை.

ஒலிப்பதிவு தெரிந்தவர் எவரும் அந்த நிலவறையைத் தேர்ந்தெடுக்க மாட்டார். கான்கிரீட் சுவர், சிமெண்டுத் தரை, நடுவில் வீட்டைச் சூடேற்றும் இரும்பு உலை என்று ஒலியைச் சிதறடிக்கும் எல்லாமே அங்கே இருந்தன. சத்தமாக வாசித்தால் காது வலிக்கும் என்பதால், உலக மேடைகளில் பேரொலி எழுப்பிய அதே குழுவினர் ஒருவரையொருவர் பார்க்கும்படி வட்டமாக உட்கார்ந்து மெதுவாக வாசிக்க நேர்ந்தது. பாடுகிறவரின் குரல் காதில் விழவில்லையென்றால் வாசிக்கிறவர் தம் ஒலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அங்கிருந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு இந்தத் தகடுகளில் இன்றும் கேட்கிறது. 1966ஆம் ஆண்டின் மேடைப் பதிவுகளையும் இவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே ஆட்கள்தாமா என்ற ஐயம் எழும்.

கருவிகள் இரவல் வாங்கியவை. டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மனிடமிருந்து டேப் ரிக்கார்டரும் மிக்ஸர்களும், ‘பீட்டர், பால் அண்ட் மேரி’ குழுவிடமிருந்து மைக்குகளும் வந்தன. அவற்றை இணைத்து, மைக்குகளை எங்கே வைப்பது என்று பார்த்து, நாடாவைச் சுற்றி, எண்ணிட்டு, பெட்டியில் அடுக்கியவர் ஹட்சன். குழுவில் முறையாக இசை பயின்றவர் அவர் ஒருவர்தாம். இளமையில் இந்தக் குழுவில் சேர்ந்தபோது, மற்றவர்களுக்கு இசை கற்பிக்கும் ஆசிரியராகவே சேர்கிறேன் என்று சொல்லித்தான் வீட்டாரின் சம்மதத்தைப் பெற்றார். அதற்கென்று மற்றவர்கள் ஆளுக்கு வாரம் 10 டாலர் கொடுத்தார்கள். ஓர் ஆசிரியரின் பொறுமை இந்த நாடாக்களில் இருக்கிறது. பழைய பாட்டொன்றைத் தொடங்கிப் பாதியில் சலித்துப்போன டிலன், இதைப் பதிய வேண்டாம், நாடா வீணாகிறது என்று அவரிடம் சொல்வது மூன்றாம் தகட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது. நாடா நிற்கவில்லை என்பதால்தான் அந்தச் சொல்லும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஹெல்ம் இல்லாததால் பல பாடல்களில் டிரம்ஸ் கிடையாது. சிலவற்றில் மானுவல் பியானோவை விட்டு எழுந்துபோய்த் தட்டுகிறார், சிலவற்றில் ராபர்ட்சன் தட்டுகிறார். தேர்ந்த டிரம்ஸ் கலைஞர் தாளத்தை முன்னே பிடித்து இழுப்பார். இங்கே அப்படி இழுக்க ஆளில்லை என்பதால், பாட்டின் நடையைப் பேஸ் கிட்டாரும் டிலனின் மூச்சுமே தீர்மானிக்கின்றன. சில இடங்களில் நடை தளர்கிறது, சில இடங்களில் அனைவரும் சேர்ந்தே வேகமெடுக்கிறார்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. 1967 ஜூனில் பீட்டில்ஸின் புதிய தட்டு வந்த பிறகு, பாடல் என்பது அடுக்கடுக்காகப் பதிந்து மாதக்கணக்கில் கட்டப்பட வேண்டிய மாளிகை என்ற எண்ணம் இசைத்துறை முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. அதே கோடைகாலத்தில் இவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் பாடி, அடுத்த பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு தகடுகளில் பெரும்பகுதி பிறருடைய பாடல்கள். ஜானி கேஷ் பாடல்கள், ஹேங்க் வில்லியம்ஸ் பாடல், ஜான் லீ ஹூக்கரின் ப்ளூஸ், கர்டிஸ் மேஃபீல்டின் பக்திச் சாயல் கொண்ட பாடல், கனடாவின் இயன்–சில்வியா இணையரின் பாடல்கள், அயர்லாந்துச் சிறைப்பாட்டு என்று அவை பல திசைகளிலிருந்து வருகின்றன. டிலன் நாட்டார் பாடல்களைத் தேடித் தேடிக் கற்று வளர்ந்தவர். ஹாக்ஸ் குழுவினரோ மதுக்கூடங்களில் ராக் அண்ட் ரோல் வாசித்து வளர்ந்தவர்கள். டிலன் ஒரு பழைய பாட்டை எடுக்க, மற்றவர்கள் அதன் சுரக்கட்டை அந்த நேரத்திலேயே கண்டுபிடித்துப் பின்தொடர்வது தகட்டில் தெளிவாகக் கேட்கிறது. அவர்களுக்குத் தெரியாத ஒரு மரபை டிலன் அங்கே கற்றுக்கொடுத்தார் என்றும், குழுவாக மூச்சுவிட்டுப் பாடும் வழக்கத்தை அவர்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்டார் என்றும் சொல்லலாம். இப்பகுதியைப் பொறுமையின்றித் தாண்டிப் போகிறவர்கள் அடுத்த இரண்டு தகடுகளின் அருமையைப் பாதிதான் உணர்வார்கள். பழைய பாடல்களில் ஊறியதன் விளைவாகத்தான் புதியவை வந்தன.

அந்தப் புதியவை மூன்றாம் தகட்டின் நடுவில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ‘யூ எய்ன்ட் கோயிங் நோவேர்’, ‘ஐ ஷல் பி ரிலீஸ்டு’, ‘திஸ் வீல்ஸ் ஆன் ஃபயர்’, அடுத்த தகட்டில் ‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’, ‘குவின் தி எஸ்கிமோ’ என்று, ஒவ்வொன்றும் பிறகு பலர் வாயில் பயின்ற பாடல்கள், அப்போதுதான் உருவாகும் நிலையில் கேட்கின்றன. ‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’ பாட்டுக்கு மெட்டமைத்தவர் மானுவல்; ‘திஸ் வீல்ஸ் ஆன் ஃபயர்’ பாட்டின் மெட்டில் டேங்கோவுக்குப் பங்குண்டு. டிலன் தட்டச்சு செய்த தாளைக் கையில் கொடுத்து, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கும் உறவு அவர்களிடையே இருந்தது. தமக்குச் சம்பளம் தந்தவரோடு சேர்ந்து பாட்டுக் கட்டுகிறவர்களாக அவர்கள் மாறியது அந்த நிலவறையில்தான். ‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’ மூன்று முறை பாடப்பட்டு மூன்றும் தகட்டில் இருக்கின்றன. மகளிடம் மனம் நொந்து பேசும் ஒரு தந்தையின் குரல் அது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, சோகம் கூடக் கூடக் குரல் தணிந்துகொண்டே போவதைக் கவனிக்க முடிகிறது.

எல்லாமே இவ்வளவு கனமானவை அல்ல. அந்தக் கோடையில் பாபி ஜென்ட்ரி பாடிய, ஒரு தற்கொலையைப் பற்றிக் குடும்பத்தார் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பாட்டு வானொலிகளில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக டிலன் கட்டிய ‘குளோத்ஸ் லைன் சாகா’ பாட்டில் துணி காயப்போடுவதையும் எடுப்பதையும் தவிர ஏறக்குறைய ஒன்றும் நடப்பதில்லை. முகம் மாறாமல் அவர் அதைச் சொல்லிக்கொண்டே போக, பின்னால் ஆர்கன் மட்டும் ஏதோ பெரிய செய்தி வரப்போவதாக நம்மைக் காத்திருக்க வைக்கிறது.

நீலகிரியில் வாழ்கிறவர்கள் இப்பாடல்களைக் கேட்கும்போது தோடர் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோ, அவரும் கனடாவில் பிறந்தவர்தாம், தோடர் பாடல்களை நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதிவைத்தார். தோடர் பாட்டு, கட்டி முடித்து மனப்பாடம் செய்து ஒப்பிக்கப்படுவது அன்று. சாவு, திருமணம், எருமை, பால்மனை, மலைக்கு வந்த புதிய மனிதர் என்று எதைப் பற்றியும் அந்த நேரத்திலேயே கட்டப்படுவது. ஒவ்வொரு பொருளுக்கும் இணை இணையான சொற்றொடர்கள் மரபில் ஏற்கெனவே இருக்கின்றன. பாடுகிறவர் அவற்றை அந்தச் சூழலுக்கு ஏற்பக் கோத்துக்கொண்டு போகிறார். டிலன் நிலவறையில் செய்ததும் பெரிதும் இதுவே. பழைய பாடல்களிலிருந்து அவருக்குள் தங்கிப்போன ரயில்களும் வெள்ளங்களும் சிறைகளும் வேதாகமத் தொடர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வாய் திறந்தபோது அவை தாமாக வந்து பொருந்தின. பொருந்தாமல் போன இடங்களில் வெறும் ஓசையை வைத்து அடியை நிரப்பிக்கொண்டு மேலே போனார்.

அவ்வாறு வெறும் ஓசையால் நிரப்பப்பட்ட பாட்டுகளுள் தலையாயது மூன்றாம் தகட்டிலுள்ள ‘ஐ அம் நாட் தேர்’. முழுத் தொகுப்பிலும் என்னை அதிகம் உலுக்கியது அதுதான். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பாட்டில் பல அடிகளுக்குச் சொற்கள் இல்லை. சொல்லாக ஆகப்போகும் ஒலிகள் இருக்கின்றன. சொல் வருவதற்குள் அடி முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு பெண்ணைக் கைவிட்டுவிட்ட, அவள் அருகில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் இல்லாமல் போன ஒருவருடைய துயரம் ஐயத்துக்கு இடமின்றி விளங்குகிறது. எங்களோடு இருந்த நண்பர்களில் ஒருவருக்கு ஆங்கிலப் பாட்டுகள் பழக்கமில்லை. படகர் திருமணங்களில் கீபோர்டு வாசிப்பவர் அவர். அந்தப் பாட்டை மட்டும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். மற்றவர்கள் குரலைப் பின்தொடர, அவர் ஆர்கனைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். “இவர் வாசிப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்” என்று ஹட்சனைப் பற்றி அவர் சொன்ன சொல், நான் படித்த விமரிசனங்கள் பலவற்றையும்விடச் சரியாக இருந்தது. டிலன் இந்தப் பாட்டுக்கு மறுபடி திரும்பி வந்து சொற்களை நிரப்பவில்லை. 2007இல் ஒரு திரைப்படத்தின் இசைத்தொகுப்பில் வரும்வரை அது முறையாக வெளியாகவும் இல்லை.

இந்தப் பதிவுகள் யாருக்காகவும் செய்யப்படாதவை என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. தொடக்கத்தில் பொழுதுபோக்காகவே பாடினார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிய பாடல்கள் வரத் தொடங்கிய பிறகு, அவற்றில் பதினான்கைத் தேர்ந்தெடுத்து, பிற பாடகர்கள் எடுத்துப் பாடும்பொருட்டு டிலனின் பதிப்பு நிறுவனம் மாதிரித் தட்டாக அனுப்பியது. ‘பீட்டர், பால் அண்ட் மேரி’ அவற்றில் ஒன்றை 1967ஆம் ஆண்டிலேயே பாடினார்கள். எஸ்கிமோ பாட்டை மேன்ஃபிரட் மேன் குழு பாட, 1968 பிப்ரவரியில் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பேர்ட்ஸ், ஜூலி டிரிஸ்கால், ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்று வரிசை நீண்டது. ஹாக்ஸ் குழுவினர் ‘தி பேண்ட்’ என்று புதுப்பெயர் பூண்டு, 1968 ஜூலையில் அந்த வீட்டின் பெயரையே தாங்கிய முதல் தட்டை வெளியிட்டு அதில் மூன்று நிலவறைப் பாடல்களைப் பாடினார்கள். மூலப் பதிவு மட்டும் வெளிவரவில்லை. டிலன் 1967 இறுதியில் நாஷ்வில்லில் பதிந்து வெளியிட்ட தட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆவல் தாங்காத ரசிகர்களிடையே நகல்கள் கைமாறின. 1969 கோடையில் லாஸ் ஏஞ்சலீஸில், வெறும் வெள்ளை உறையில், நிறுவனப் பெயரின்றி ‘கிரேட் வொயிட் வொண்டர்’ என்ற இரட்டைத் தட்டு விற்பனைக்கு வந்தது. நிலவறைப் பாடல்கள் சில அதில் இருந்தன. ராக் இசை உலகின் முதல் திருட்டுத் தட்டு என்று அதையே குறிப்பிடுவார்கள்.

முறையான வெளியீடு 1975இல் வந்தது. நான் முதலில் பழகியதும் அந்த இரட்டைத் தட்டின் வழியாகத்தான் என்பதால் அதன்மீது எனக்கு அன்பு உண்டு. எனினும் அதைப் பற்றி உள்ளபடி சொல்ல வேண்டும். அதிலுள்ள 24 பாடல்களில் எட்டு, டிலன் இல்லாமல் ‘தி பேண்ட்’ தனியே பாடியவை; அவற்றில் சில அந்த நிலவறைக்குத் தொடர்பே இல்லாமல் பின்னர் பதியப்பட்டவை. ராபர்ட்சனின் பொறுப்பில் நடந்த அந்தத் தயாரிப்பில், ஹட்சன் ஸ்டீரியோவாகப் பதிந்தவற்றை ஒற்றைத் தடமாகச் சுருக்கினார்கள். சில பாடல்களின்மேல் புதிதாகக் கிட்டாரும் கீபோர்டும் டிரம்ஸும் ஏற்றினார்கள். ‘ஐ ஷல் பி ரிலீஸ்டு’, ‘ஐ அம் நாட் தேர்’, ‘சைன் ஆன் தி கிராஸ்’ மூன்றும் அதில் இடம்பெறவில்லை. வீட்டில் பாடியதை விற்பனைக்கு ஏற்பத் திருத்தியதன் பலன் என்னவென்றால், பாடல்கள் நின்றன, வீடு போய்விட்டது. பாட்டுக்கு முன்னும் பின்னும் வரும் பேச்சு, சிரிப்பு, தொடங்கித் தவறி மறுபடி தொடங்குவது ஆகிய எல்லாம் 2014ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் திரும்பி வந்தன.

அந்தத் திரும்புதலும் ஹட்சனால்தான் நிகழ்ந்தது. அவர் கனடாவைச் சேர்ந்த ஆவணக் காப்பாளர் ஜான் ஹவுஸ்ட்டோடு இணைந்து, சிதையத் தொடங்கியிருந்த நாடாக்களை மீட்டெடுக்கும் வேலையில் ஈடுபட்டார். பாடல்கள் பெரும்பாலும் அவர் அன்றைக்கு இட்ட எண்வரிசையிலேயே அடுக்கப்பட்டன. மேலே எதுவும் ஏற்றவில்லை. 1967இல் கேட்டது எப்படியோ, இயன்றவரை அப்படியே தர முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சி வென்றிருக்கிறது என்பது என் கருத்து. முந்தைய வெளியீட்டில் மங்கலாக ஒலித்த டேங்கோவின் இரண்டாம் குரல் இங்கே டிலனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மானுவலின் உச்சக்குரல் எப்போது சேர்கிறது, எப்போது விலகுகிறது என்பதும் விளங்குகிறது. டிலனின் பழைய பாட்டான ‘ஒன் டூ மெனி மார்னிங்ஸ்’ இங்கே மானுவலின் குரலில் தொடங்குகிறது. எழுதியவரே பக்கத்தில் உட்கார்ந்து தம் முறைக்குக் காத்திருக்க, இன்னொருவர் அந்தப் பாட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தைக் கேட்டுவிட்டு நாங்கள் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

கேட்கும் முறையைப் பற்றி ஒரு பரிந்துரை. பல பாடல்களில் குரல் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமுமாகப் பிரிந்து வருவதால், காதுக்குள் செருகும் ஹெட்போனில் தொடர்ந்து கேட்பது அலுப்பைத் தரும். ஓர் அறையில் இரண்டு ஸ்பீக்கர்களைச் சற்று நெருக்கமாக வைத்துக் கேட்டால் அந்தப் பிரிவு கலந்து, ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் உணர்வு வருகிறது. எங்கள் பழைய வீட்டின் மரத்தளம் பேஸ் ஒலிக்கு நன்றாக உதவியது. தகரக் கூரை வீடுகளில் மழை நேரத்தில் இதைக் கேட்பது வீண்; ஒலி மெல்லியது, மழை அதை முழுவதும் விழுங்கிவிடும்.

இந்தத் தகடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் மலையைப் பற்றிய கவலையும் கூடவே வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இங்கே ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களில் பண்டிகைக்கும் சாவுக்கும் கூடும்போது பாடத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கிட்டாரை வைத்துக்கொண்டு பழைய சினிமாப் பாட்டிலிருந்து சொந்தப் பாட்டுக்கு நழுவிச் செல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள். செல்பேசி இல்லாத கை இல்லை. எனினும் பதியப்படுவது அரை நிமிட வீடியோ, அதுவும் மறுநாளே தொலைந்துபோகிறது. ஹட்சன் செய்ததில் பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. மைக்கைச் சரியான இடத்தில் வைத்தார், முழுப் பாட்டையும் பதிந்தார், நாடாவின் பெட்டியில் எண் எழுதினார், அதைப் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். இந்த நான்கையும் செய்யும் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவருக்கு இந்தப் பெட்டியைப் பரிசாகக் கொடுங்கள்.

இந்தியர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் இந்தக் கதையில் உண்டு. கிராஸ்மனின் அழைப்பில் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற, பாவுல் என்னும் நாடோடி பக்திப் பாடகர்கள் அந்நாட்களில் உட்ஸ்டாக்கில் தங்கியிருந்தார்கள். அவர்களையும் அதே நிலவறையில் உட்காரவைத்து ஹட்சன் பதிந்தார். அது பின்னர் தனித் தட்டாகவும் வெளிவந்தது. டிலனின் 1967ஆம் ஆண்டுத் தட்டின் அட்டைப் படத்தில் அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் பூர்ண தாஸ், லக்ஷ்மண் தாஸ் என்ற பாவுல் சகோதரர்களே. பாவுல்களின் ஒற்றைத் தந்தி வாத்தியமான ஏக்தாராவும் ஹட்சனின் லோரி ஆர்கனும் ஒரே அறையில் ஒரே கருவியில் பதிவாகியிருக்கின்றன என்ற எண்ணம் எனக்கு மகிழ்ச்சியைத் தருகிறது. அந்தப் பாவுல் பதிவுகள் இந்தப் பெட்டியில் இல்லை. நிலவறையின் முழுக் கதையைச் சொல்லும் தொகுப்பு என்ற வகையில், அவற்றில் ஓரிரண்டையாவது சேர்த்திருக்கலாம்.

வேறு குறைகளும் உண்டு. பாடல் வரிகள் அச்சிட்டுத் தரப்படவில்லை. தெளிவற்ற சொற்கள் நிறைந்த இந்தப் பதிவுகளுக்கு அது கடினமான வேலைதான் என்றாலும், முடிந்தவற்றுக்காவது தந்திருந்தால் நம்மைப் போன்று ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் வாசகர்களுக்கு உதவியாக இருந்திருக்கும். படங்கள் நிறைந்த கெட்டி அட்டை நூல் அழகானது. சிட் கிரிஃபின் எழுதிய குறிப்புகள் பயனுள்ளவை. ஆறாம் தகடு, ஒலித்தரம் மிகவும் குறைந்தவற்றைச் சேர்த்து வைத்தது. அதில் இரைச்சலுக்கு அடியில் தேய்ந்து கேட்கும் சில பாடல்கள் நல்லவை. ஆயினும் புதிதாக வருகிறவர்கள் அதை முதலில் போட்டால் பெட்டியையே மூடிவைத்துவிடுவார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கும் தீவிர ரசிகர்களுக்கும் மட்டுமே அது தேவைப்படும்.

முழுப் பெட்டி விலை உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்துகொள்ளும். 38 பாடல்கள் கொண்ட இரண்டு தகட்டுச் சுருக்கம் ஒன்றும் அதே நேரத்தில் வெளியானது. டிலனைப் புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அது போதும். ‘ஐ அம் நாட் தேர்’ அதிலும் இருக்கிறது. வீட்டில் பாடுகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள், மற்றவர் பாடுவதைப் பதிந்து வைக்கிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் ஆறு தகட்டுப் பெட்டியையே பரிந்துரைக்கிறேன். ஒரு பாட்டு இன்னொரு பாட்டிலிருந்து எப்படிக் கிளைக்கிறது என்பது சுருக்கத்தில் தெரியாது. பெட்டியை வாங்குகிறவர்கள் மூன்றாம் தகட்டிலிருந்து தொடங்கி நான்காவதை முடித்துவிட்டு, அதன் பிறகு முதலாவதற்குத் திரும்ப வேண்டும். ஹட்சன் 2025 ஜனவரியில், தம் 87ஆம் வயதில், அந்தக் குழுவின் ஐவரில் கடைசியாகக் காலமானார். அவருடைய வாசிப்பை மட்டும் தனியாகக் கேட்க விரும்புகிறவர்கள் ‘சைன் ஆன் தி கிராஸ்’ பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் ஆர்கனை முதலிலிருந்து முடிவு வரை பின்தொடரலாம்.